கட்டைவிரல் வைக்க இடமிருக்கா?

மைக்ரோஸ்கோப் வாங்கப் போகிற ஆள் சாப்பாட்டுப் பெட்டியோடு போவதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் போன மாதம் பார்த்தேன்.

பெட்டிக்குள் சோறு இல்லை. களப்பில், அதாவது எங்கள் ஊர்க் கடலேரியில், அள்ளிய தண்ணீர். அதில் நாலைந்து கடல்புல் இலைகள். சிலாபத்தில் ரயில் ஏறியதிலிருந்து கொழும்பு வரை அதை மடியிலேயே வைத்திருந்தார் ரிஃபாயா டீச்சர். பக்கத்து சீட் அம்மா மூக்கைச் சுளித்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கருவாட்டு வியாபாரிகள் என்று நினைத்திருப்பார்...

டீச்சர் கரைத்தீவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறார். பின்னேரமானால் களப்பில் முழங்கால் தண்ணீரில் நின்று கடலட்டைக் குஞ்சு தேடுகிறார். கடலட்டை தெரியும்தானே — பார்க்க லட்சணமில்லாத, ஆனால் காய வைத்தால் பிளேன் ஏறி வெளிநாடு போகிற அந்தச் சீவன். எங்கள் பக்கம் எத்தனையோ அடுப்பு அதை நம்பித்தான் எரிகிறது. கொஞ்சக் காலமாக அது குறைந்துகொண்டே வருகிறது. ஏன்?

டீச்சரிடம் ஒரு பதில் இருந்தது. கரைக்குப் பக்கத்தில் ஒரு கடல்புல் திட்டு உண்டு. எங்கள் ஆட்களின் எஞ்சின் போட்டெல்லாம் குறுக்குவழி என்று அதன் மேலால்தான் போகும். தண்ணீர் வற்றும் நேரத்தில் எஞ்சின் விசிறி புல்லை அரிந்து தள்ளிவிடும். அந்தப் புல் இலைகளில்தான் அட்டைக் குஞ்சுகள் ஒட்டி வளர்கின்றன என்றார் டீச்சர். தூசியளவு குஞ்சுகள். கையில் பிடிக்கிற பூதக்கண்ணாடியால் பார்த்தாலும் ஒரு புள்ளி, அவ்வளவுதான். இப்படியே விட்டால் அடுத்த பருவத்துக்குத் திட்டும் இருக்காது, குஞ்சும் இருக்காது என்பது அவருடைய கவலை.

மீனவர் சங்கத் தலைவர் ஹம்சா காக்கா (எங்கள் பக்கம் மூத்தவர்களை நானா, காக்கா என்போம்) நேர்மையான மனிதர். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்கிறவர். ஒரு புள்ளியைக் காட்டிவிட்டு எல்லோரையும் சுற்றிப் போகச் சொன்னால் எப்படி, எண்ணெய்ச் செலவு யார் தலையில் என்று கேட்டார். நியாயம்தானே? கடைசியில் ஒரு வாக்குக் கொடுத்தார்.

"டீச்சர், அத என்ட கண்ணால உசிரோட காட்டுங்க. பாதைய நானே மாத்துறன்."

அதற்காகத்தான் இந்தப் பயணம். நான் எதற்கு? பெட்டி தூக்க. அப்படியே இலவச ஆலோசனை சொல்ல.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது உயரமான ஒன்று. ஆயிரம் மடங்கு பெருப்பிக்குமாம். நான் வாயைப் பிளந்தேன். டீச்சர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதில் பார்க்க வேண்டுமென்றால் கீற்றாக வெட்டிக் கண்ணாடித் துண்டுக்குள் வைக்க வேண்டும். வெட்டிய பிறகு உயிர் எங்கே இருக்கும்? அவருக்குத் தேவை ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப். இரண்டு கண்ணாலும் பார்ப்பது. பொருளை முழுசாக, தட்டோடு, தண்ணீரோடு கீழே வைத்துவிட்டு மேடு பள்ளம் எல்லாம் பார்க்கலாம். பெருப்பிப்பது பத்து மடங்கு, மிஞ்சினால் நாற்பது.

வெறும் நாற்பதா என்று முகம் சுளித்தது நான்தான். அதற்கு மேலே போனால் குஞ்சின் கால் மட்டும்தான் தெரியும் நானா, குஞ்சு தெரியாது என்றார் டீச்சர்.

விட்டேனா? கெமரா பூட்டியது ஒன்று இருந்தது. பெரிய டீவியில் காட்டினால் முழுச் சங்கமும் ஒரே நேரத்தில் பார்க்கலாமே — இது என் அடுத்த ஆலோசனை. போனில் எங்கேயோ எடுத்த வீடியோ என்று சொல்லிவிடுவார்களே என்றார் டீச்சர்.

அதன் பிறகுதான் அசல் வேலை ஆரம்பித்தது. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் சிலாபம் மார்க்கட்டில் யாராவது மீன் வாங்குவார்களா? டீச்சரும் அதே ரகம். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். இலையைத் தட்டில் வைத்து மேல் வெளிச்சத்தில் பார்த்தார், கீழ் வெளிச்சத்தில் பார்த்தார். தண்ணீர் சூடாகிறதா என்று லைட்டை எரியவிட்டு விரலை நனைத்து நனைத்துப் பார்த்தார். கண்வைக்கும் குழாய்கள் இரண்டையும் அகட்டினார், நெருக்கினார். கண்ணாடி போட்ட என்னைப் பார்க்கச் சொன்னார். அகன்ற முகக்காரரான கடை முதலாளியைப் பார்க்கச் சொன்னார். தேத்தண்ணி கொண்டுவந்த ஒடுங்கிய முகத்து அம்மாவையும் விடவில்லை.

கடைசியாக, தன் கட்டைவிரலை லென்ஸுக்குக் கீழே நுழைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்க வடிவான, பளபளப்பான ஒன்றை விரல் தாராளமாக நுழையவில்லை என்று தள்ளிவிட்டார். கட்டைவிரலிலா ஆராய்ச்சி என்று முதலாளி சிங்களத்தில் கேட்டார். டீச்சர் சிரித்தபடி, விரல் தாராளமாக நுழைந்த ஒன்றுக்குக் காசு கொடுத்தார். எனக்கும்தான் விளங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை விளங்கியது.

அசர் தொழுகைக்குப் பிறகு சங்கக் கட்டடத்தில் கூட்டம். மேசையில் மைக்ரோஸ்கோப். தட்டில் அன்று பறித்த இலை. ஹம்சா காக்கா கதிரையில் அமர்ந்து குனிந்தார். குனிந்த உடனே இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்! கடலில் அவர்கள் பழக்கம் அது. பள்ளிவாசல் மினாராவையும் தென்னையையும் ஒரு கோட்டில் வைத்துத் திசை பிடிக்கும்போது ஒரு கண்ணால்தான் பார்ப்பார்கள். இங்கே அது உதவுமா?

"என்னமோ ஊத்த மாதிரி கிடக்கு," என்றார் காக்கா.

பின்னால் யாரோ சிரித்தார்கள். இவ்வளவு பாடும் ஊத்தையைக் காட்டவா?

டீச்சர் தட்டை ஓரமாக நகர்த்தினார். காக்காவின் கட்டைவிரலை லென்ஸுக்குக் கீழே வைக்கச் சொன்னார். காக்கா வைத்தார். பார்த்தார். தன் விரலாச்சே... தன்னை அறியாமல் மற்றக் கண்ணும் திறந்துகொண்டது. டீச்சர் மெதுவாகக் குழாய்களை அவர் முகத்துக்கு ஏற்றபடி அகட்டினார். தூண்டில் கிழித்த பழைய தழும்பு, உழுத நிலம் மாதிரி வரிவரியாக எழும்பி நின்றிருக்க வேண்டும். விரலை அசைத்தார். அது அசைந்தது. இது தன்னுடையதுதான், போன் வீடியோ இல்லை என்பது அவருக்கு உறுதியாகிவிட்டது.

அவர் கண்ணை எடுக்க முன்னமே விரல் இருந்த இடத்துக்குத் தட்டைத் தள்ளினார் டீச்சர்.

காக்கா கதிரையை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு, பள்ளிவாசலுக்குள் கதைப்பது போலத் தணிந்த குரலில் சொன்னார்.

"உசிரோட படுத்திருக்கு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வரிசை கதவு தாண்டியது. எல்லோரும் முதலில் விரலைப் பார்த்தார்கள், பிறகு குஞ்சைப் பார்த்தார்கள். என் முறை வந்தபோது இலையைப் பிடித்தபடி அந்தச் சின்ன உடம்பு மூச்சுவிடுவது போல விரிந்து சுருங்கியது. சொல்ல வெட்கமில்லை, என் கண் கலங்கிவிட்டது. இவ்வளவையும் யோசித்து வைத்த டீச்சரோ ஓரமாக நின்று லென்ஸ் துடைக்கும் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

நல்ல மைக்ரோஸ்கோப் எது என்று இனி யாராவது என்னிடம் கேட்டால் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. எதைப் பார்க்கப் போகிறோம் என்று எல்லோரும்தான் யோசிப்பார்கள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று டீச்சர் யோசித்தார். ஹம்சா காக்காவின் விரலுக்கு அளவெடுத்தல்லவா கொழும்பில் ஒரு கருவி வாங்கியிருக்கிறார்!

முந்தாநாள் காக்காவின் போட்டில் களப்பைக் கடக்க வேண்டியிருந்தது. போட் திட்டை விட்டு விலகி, பெரிய வட்டமடித்துப் போனது. எனக்கோ அவசரம். தண்ணீர்தான் நிறைய நிற்கிறதே, இன்று மட்டும் குறுக்கால் விட்டால் என்ன என்று கேட்டேன்.

காக்கா எஞ்சினைத் திருப்பவில்லை. என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்.

"படுத்திருக்கிற புள்ளயத் தாண்டலாமா, தம்பி?"