வலப் பக்கம் குத்திய பதக்கங்கள்

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் சத்திரசிகிச்சை வாட்டில் நேர்ஸாக நின்றவள் நான். இங்கே அதற்கு அத்தாட்சி கேட்டார்கள். படித்த இடத்திலிருந்து நேரடியாகக் கடிதம் வரவேண்டுமாம். நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. ஊருக்குத் தபாலே ஒழுங்காகப் போகாத காலம். அதனால் ஊசி, மருந்து எதையும் நான் தொடக்கூடாது. சின்னக் காயத்துக்குப் பிளாஸ்டர் ஒட்டுவதென்றாலும் நேர்ஸைக் கூப்பிட வேண்டும். வருகிறவள் என் மகளின் வயதுக்காரி.

என் பொறுப்பில் ஒரு அவுஸ்திரேலியக் கிழவி இருந்தார். எண்பதைத் தாண்டியவர். இரண்டாம் உலகப் போரில் தன் நாட்டுப் படையில் நேர்ஸாக இருந்தவர். கப்பலேறி மத்திய கிழக்குக்குப் போய் மணலில் கூடாரம் அடித்து வைத்தியம் பார்த்தவர், பிறகு நியூகினியில் முழங்கால் அளவு சேற்றில் நின்றவர். போர் முடிந்தபின் ஒரு கனடாக்காரரைக் கட்டி ரொறன்ரோவுக்கு வந்துவிட்டார். சீருடையோடு அவர் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் கட்டிலுக்கு மேலே தொங்கியது. தோளில் கிடக்கும் மேலாடை நல்ல சிவப்பு என்று எனக்குக் குறைந்தது இருபது தடவையாவது சொல்லியிருப்பார். அந்தப் படத்தைத் தூசி தட்டுவதும் என் வேலைதான். தட்டும்போதெல்லாம் வயிறு எரியும்.

அவர் சொன்ன கதைகள் எனக்குப் புதிதல்ல. பாவித்த பண்டேஜைத் தோய்த்து அவித்துக் காயவைத்து மடியில் வைத்துச் சுருட்டினார்களாம். நாங்களும் அதைத்தான் செய்தோம். ஆனால் அவர் போர் நடந்த இடத்துக்குக் கப்பலேறிப் போனார், முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பினார். எங்களுக்குப் போர் குண்டாக வாட்டுக் கூரைக்கே வந்தது. அவரைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் பேத்தி வயதுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, இவர் போருக்குப் போனவர் என்று காட்டுவார்கள். பக்கத்தில் நான் அழுக்குத் துணிக் கூடையோடு நிற்பேன்.

வீட்டில் ஒருநாள் கணவரிடம் புறுபுறுத்தேன். அவர் சிரித்தார்.

"உமக்கென்ன விசரே? நடக்கவும் ஏலாத மனிசியோட போட்டி போடுறீர்."

"அவவிட்ட மெடல் இருக்கு. என்னட்ட ஒரு கடுதாசிகூட இல்லை," என்றேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

நவம்பரில் போர் நினைவு நாள் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும், ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவரும் வருவதாக இருந்தது. வருடத்தில் கிழவி எதிர்பார்த்திருப்பது அந்த ஒரு நாளைத்தான். காலையிலேயே ஒரு தகரப் பெட்டியைத் திறந்து பதக்கங்களை எடுத்துத் தந்தார். கை நடுங்குவதால் அவரால் குத்திக்கொள்ள முடியாது. இடப் பக்கம் குத்து என்று இரண்டு தடவை சொன்னார். காரணமும் சொன்னார். அவருடைய நாட்டு வழக்கப்படி சொந்தப் பதக்கம் இடப் பக்கம், இறந்துபோன உறவினருடையது வலப் பக்கமாம்.

எனக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். வலப் பக்கம் குத்தினேன்.

அவர் கண்ணாடியில் பார்த்தார். கண் மங்கல், தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டு நாற்காலியை மண்டபத்துக்குத் தள்ளினேன்.

அதிகாரி குனிந்து கை கொடுத்தார். பதக்கங்களைப் பார்த்தார். உங்கள் கணவரின் சேவைக்கு நாங்கள் எல்லோரும் நன்றி சொல்ல வேண்டும் என்றார். காலமாகிவிட்ட அவர் கணவரோ கண்பார்வை குறைவென்று படையில் சேர்க்கப்படாதவர். போர்க்காலம் முழுக்க இங்கே ஒரு தொழிற்சாலையில் நின்றவர். கிழவி மறுக்காமல் தலையை ஆட்டினார். உங்கள் கணவர் போரில் என்ன செய்தார் என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"ஆணி செய்தார்," என்றார் கிழவி.

சிறுமி அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, ஒளிப்பானேன். ஐந்து நிமிடம் இருந்திருக்கும். பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அறைக்கு வந்து பதக்கங்களைக் கழற்றினேன். பக்கம் மாறிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று தொடங்கினேன்.

"பொய் சொல்லாதே. கண்ணாடியிலேயே பார்த்தேன்," என்றார். "இடப் பக்கம் குத்திக்கொண்டு போன வருடங்களிலும் கணவருடையதா என்றுதான் கேட்டார்கள். நீ மினக்கெட்டிருக்கத் தேவையில்லை."

நான் பதக்கங்களைப் பெட்டியில் வைக்கப் போனேன்.

"இவ்வளவு கோபத்தோடு கட்டில் விரிக்கிறவள் நேர்ஸாகத்தான் இருக்க வேண்டும். எந்த வாட்?"

இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடத்தில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சத்திரசிகிச்சை, பதினொரு வருடம் என்றேன். அவர் தலையாட்டினார். இப்போது இடப் பக்கம் குத்து என்றார்.

குத்தினேன். பார்ப்பதற்கு என்னைத் தவிர ஆளில்லை. மத்தியானச் சாப்பாடு வரும்வரை அப்படியே நிமிர்ந்து இருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஆனால் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஒருவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அவரிடம் குத்திக்கொள்ள ஏதோ இருந்தது.