திரும்பிப் போகும் சிலுவை

சிலுவையைச் சுமந்துகொண்டு போகிறவர்களை எல்லோரும் படம் எடுப்பார்கள். அதைத் திரும்பக் கொண்டுவருகிற ஆளை யாரும் பார்ப்பதில்லை. அந்த ஆள் என் தாய்மாமன் மித்ரி.

எருசலேமுக்கு வரும் யாத்திரைக் குழுக்களுக்கு மரச் சிலுவை வாடகைக்குக் கொடுப்பது மாமாவின் தொழில். இயேசு சிலுவை சுமந்த பாதையின் முதல் நிலையில் கொடுப்பார். குழு பாடிக்கொண்டே, நிலைக்கு நிலை ஆள் மாற்றி, கல்லறைக் கோயில் வரை தூக்கிப்போய், முற்றத்துச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விடும். பிறகு மாமா அதைத் தோளில் போட்டுக்கொண்டு, கடைத்தெருப் படிகளில் இறங்கி, ஐந்தாம் நிலை முக்கில் திரும்பி, மறுபடி மேடேறவேண்டும். பாட்டு கிடையாது. மாற்ற ஆளும் கிடையாது.

அந்த முக்கில்தான் நான் மாதுளை ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். எந்த நாட்டுக்காரர் எப்படி வருவார் என்று நடித்தே காட்டுவேன். பிரேசில்காரர்கள் அழுதுகொண்டே வந்து, அழுதுகொண்டே பேரம் பேசுவார்கள். கொரியாக்காரர்கள் தங்கள் பாதிரியாரையே முந்திவிடுவார்கள். வழிகாட்டி ஃபாயிஸ் குடையைத் தூக்கிப் பிடித்து மூக்கால் பேசுவார்: “இங்க விழுந்தாரு, படம் எடுத்தாச்சா, வாங்க, அடுத்தாப்புல விழுந்த இடத்துக்குப் போவோம்.” ஆனால் தெருவில் எல்லோரும் விரும்பிக் கேட்பது மாமாவைத்தான். தோளில் இரண்டு சிலுவை, கண் தரையில், வாய்க்குள் ஒரு முணுமுணுப்பு. ஜெபிக்கிறார் என்று நினைத்து யாத்ரீகர்கள் ஒதுங்கி நிற்பார்கள். அவர் சொல்வது, “ஓரம் போ, ஓரம் போ, கால எடு.”

நடிக்கிறவனுக்குத்தான் நடை மாறினால் முதலில் தெரியும். இந்தக் குளிர்காலத்தில் மாமா வலத்தோளிலிருந்து இடத்தோளுக்கு மாறினார். தவக்காலம் தொடங்கியபோது இடத்தோளும் தாழ்ந்துவிட்டது. நான் அதையும் சேர்த்து நடித்துக் காட்டினேன். மாமா சிரிக்கவில்லை. கடைக்குப் பின்னால் கூப்பிட்டுப் போய், “அத்தை முன்னாடி மட்டும் இத செஞ்சுராதடா” என்றார்.

காரணம் இருந்தது. அவர்கள் மகன் நிக்கோலா சிலி நாட்டில் இருக்கிறான். ஞாயிறுதோறும் போன் செய்து இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்பான். விதாத் அத்தை பாதிப் பெட்டி கட்டி அலமாரி மேல் வைத்திருந்தார். மாமா ஒரே பதில்தான் சொல்வார்: “தோள் இருக்கிற வரைக்கும் நான் இங்கதான். தோள் போச்சுன்னா நீ சொல்ற பிளேன்ல ஏறிக்கிறேன்.” ஆகவே தோள் போகக் கூடாது. போனாலும் தெரியக் கூடாது.

அந்த வெள்ளிக்கிழமை மாமாவுக்கு மூன்றாவது நடை. அடுத்த குழு ஃபாயிஸுடையது. போன வாரம் ஒரு தடவை தாமதமானதற்கே அவர், இன்னொரு தரம் என் ஆட்கள் வெறுங்கையோடு நின்றால் வேறு இடத்தில் எடுத்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தார்.

முற்றத்தில் நடந்ததை மாமாதான் பின்னால் சொன்னார். போலந்துக் குழு கல்லறை பார்க்க உள்ளே போயிருந்தது. தனுத்தா என்ற பருத்த அம்மாள் மட்டும் எல்லாருடைய பைகளுக்கும் நடுவே வெளியே உட்கார்ந்திருந்தார். வழிநெடுக எல்லாருடைய போனையும் வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்தது அவர்தான். அதனால் சிலுவையைத் தொட அவருக்கு முறையே வரவில்லை. மாமா ஒரு சிலுவையைத் தூக்கப் பார்த்தார். தோள் ஏறவில்லை. மறுபடியும் பார்த்தார். அது சுவரோடு சறுக்கி இறங்கியது. மூன்றாவது தடவை அந்த அம்மாள் எழுந்து வந்து வால் பக்கத்தைப் பிடித்தார். பைகளை வாசல் போலீஸ்காரரின் காலடியில் குவித்தாயிற்று.

மாமா பதறிப்போய்த் தடுத்திருக்கிறார். “வேணாம்மா. இது திரும்பிப் போற சிலுவை. இதுல புண்ணியம் ஒண்ணும் கிடையாது.”

“மேல யாராவது இதுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்களா?” என்றார் அந்த அம்மாள், அரைகுறை இங்கிலீஷில்.

“இருக்காங்க.”

“அப்ப தூக்குங்க.”

முன்னால் மாமா, பின்னால் மூச்சு வாங்கும் ஒரு வெள்ளைக்காரி என்று அவர்கள் படியிறங்கியபோது, மசாலாக் கடை அபூ சலீம், இயேசுவுக்குச் சிலுவை தூக்கிக் கொடுத்த சீமோன் வந்துட்டாரு, ஆனா பாவாடை கட்டியிருக்காரு என்று தெருவுக்கே சொன்னார். நான் ஓடிப்போய்க் கை வைத்தேன். தனுத்தா என் கையைத் தட்டிவிட்டார். வேறு வழியில்லாமல், கடையை அப்படியே போட்டுவிட்டு, பின்னாலேயே நடந்தேன்.

மேலே போனபோது ஃபாயிஸின் குழு இரண்டாவது பாட்டைப் பாடிக்கொண்டு காத்திருந்தது. குடை உயர்ந்தது, வாய் திறந்தது, பின்னால் வருகிற அம்மாளைப் பார்த்ததும் இரண்டும் இறங்கின. சிலுவை கைமாறியது. புதிய குழுவில் ஒரு பெண், யார் எவர் என்று கேட்காமல், தனுத்தாவின் கையில் தன் போனைத் திணித்துவிட்டுச் சிலுவையருகே போய் நின்றாள். தனுத்தா அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு படம் எடுத்துக் கொடுத்தார்.

மாமா படியில் உட்கார்ந்து, கையை மடியில், வேறு யாருடைய கையோ என்பதுபோல வைத்திருந்தார். “இந்நேரம் உங்க அத்தைக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார். அபூ சலீம் வாய்க்கு அது அதிக நேரம்தான்.

அன்று வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை படியில் ஒரு சிலுவை இறங்கி வந்தது. முன்னால் மாமா. பின்னால், முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, விதாத் அத்தை. என் கடையில் இறக்கி வைத்தார்கள். அத்தை ஜூஸ் பெட்டிமேல் உட்கார்ந்து, இன்னும் ஏறவேண்டிய மேட்டை வெகுநேரம் பார்த்தார்.

“இதயா நீங்க தனியா செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?”

அலமாரி மேல் இருந்த பெட்டியைப் பற்றிக் கேட்கத் துணிந்தவன் நான்தான்.

“அது அங்கயே இருக்கட்டும்” என்றார் அத்தை. “ஈஸ்டர் கூட்டம் முடியட்டும், பேசிக்கலாம். எந்திரிங்க, அந்தக் குடைக்காரன் கத்துவான்.”

நானும் பின்னாலேயே போனேன். மேட்டில் எதிரே ஒரு இத்தாலியக் குழு வந்தது. அத்தையின் உதடுகள் அசைவதைப் பார்த்து ஒரு கன்னியாஸ்திரி ஒதுங்கி நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அத்தை என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்டது. மாமாவுடைய ‘ஓரம் போ’வைவிட நீளம். அதை மட்டும் நான் யாருக்கும் நடித்துக் காட்டுவதில்லை.