சீமை எலிக்கும் பச்சை உடம்புதான்

எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் புதுச்சேரி போய் ஒரு ஜோடி கினிப்பன்றி வாங்கிவந்தோம். எங்கள் தெருவில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. சீமை எலி என்றார்கள். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் அவருக்கு வேலை. பொம்மைகளை உள்ளே வைத்துச் சுடும் மண்பெட்டி விரிசல் விட்டால் வெளியே போட்டுவிடுவார்கள். அதில் ஒன்றைத் தூக்கிவந்து, வைக்கோல் பரப்பி, எலிகளைக் குடிவைத்தார். அதுவரை நன்றாகத்தான் செய்தார்.

விற்ற ஆள் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார். "பொட்டைக்கு வயிறு தெரிஞ்சதும் ஆணைத் தனியா வச்சிடுங்க. குட்டி போட்ட அன்னிக்கே மறுபடியும் சேந்துடும். அப்புறம் பொட்டை தாங்காது. குட்டிய யாருக்குக் குடுக்கப் போறீங்கன்னும் முன்னாடியே பாத்துக்குங்க."

இவர் மண்டையை மண்டையை ஆட்டினார். பஸ் ஏறியதும், முதல் குட்டி சூப்பர்வைசருக்கு, அடுத்தது முதலாளி மகளுக்கு என்று பங்கு போட ஆரம்பித்துவிட்டார்.

பெட்டையின் வயிறு உருண்டதும் நான் ஆணைத் தூக்கி ஒரு கூடையில் விட்டேன். அது வீடே அதிரக் கத்தியது. மாமியார் அடுப்பை விட்டு எழுந்து வந்தார்.

"ஜோடியப் பிரிச்சி வைக்கிறியா? குடும்பம் நடக்குற வூட்ல அதெல்லாம் ஆவாது."

"பிரிக்கலை அத்தை. குட்டி போட்டுத் தேறுற வரைக்கும்தான்."

"எலிக்குப் பேறுகாலம் பாக்குறாளாம்டா" என்று மகனைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்துக்கொண்டே ஆணைப் பழைய பெட்டியில் கொண்டுபோய் விட்டார்.

இதே மாமியார்தான் தன் மகளைத் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணாடத்திலிருந்து அழைத்துவந்து ஐந்து மாதம் வைத்திருந்தவர். கூட்டிப்போக வந்த மாப்பிள்ளையிடம், "பச்ச உடம்புங்க, கொஞ்ச நாள் போவட்டும்" என்று காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார். எனக்கு அம்மா இல்லை. அழைத்துப்போக ஒரு வீடும் இல்லை. மூத்தவளை இங்கேதான் பெற்றேன். என் உடம்பு பச்சை உடம்பு என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு வாய் இல்லாமல் போனது. மூத்தவள் நடக்கத் தொடங்குமுன் மறுபடி மசக்கை. வாந்தி எடுத்துக்கொண்டேதான் அந்த எலிக்கு அருகம்புல் பறித்துப் போட்டேன்.

பெட்டை மூன்று குட்டி போட்டது. பிறக்கும்போதே உடம்பெல்லாம் முடி, கண்ணும் திறந்திருந்தது. தெருவே வந்து பார்த்தது. குட்டிகள் காயுமுன்னே ஆண் பெட்டையைத் துரத்த ஆரம்பித்தது. பிடித்துக் கூடையில் போட்டு மூடினேன். வேலை விட்டு வந்தவர் கூடையைத் திறந்தார்.

"பாவம், ஒண்டியா கெடக்குது."

பெட்டையைப் பார்த்துப் பாவம் என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

பால்குடி மறப்பதற்குள் இரண்டு குட்டிகள் சூப்பர்வைசர் வீட்டுக்குப் போய்விட்டன. மிச்சம் ஒன்று. பெட்டைக்கு முதுகெலும்பு துருத்தியது, முடி கொட்டியது, வயிறு மட்டும் மறுபடி பெருத்தது. கொய்யாப்பழம் நறுக்கிப் போட்டேன், கீரை போட்டேன். தின்றதெல்லாம் வயிற்றில் இருப்பதற்கே போனது. உயிருள்ள ஒன்றை இப்படிப் பெற்றுத்தள்ள விட்டுவிட்டு அதை வளர்ப்பு என்று சொல்லிக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாவது பேறு வந்த அன்று காலையிலிருந்து அது கூனிக்குறுகி உட்கார்ந்து முக்கியது. குட்டி வெளியே வரவில்லை. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று கெஞ்சினேன்.

"எலியத் தூக்கிக்கிட்டுப் போனா சிரிக்க மாட்டாங்களா?" என்றார்.

மதியம் நான் கையில் எடுத்தபோது உடம்பு விறைத்திருந்தது. அவர் எட்டிப் பார்த்தார்.

"வுடு. வேற பொட்டை வாங்கிக்கலாம்."

எனக்கு அப்போது ஆறாம் மாதம். உள்ளங்காலிலிருந்து ஆத்திரம் ஏறியது.

"நான் செத்தாலும் இதத்தான் சொல்லுவீங்களா?"

"எலிக்கும் ஒனக்கும் என்னாடி?"

"ஒண்ணுமில்ல. இந்தப் பிரசவத்தோட நான் ஆபரேசன் பண்ணிக்கப் போறேன். நீங்க கையெழுத்துப் போடணும்."

மாமியார் வாயைத் திறந்தார். செத்த எலி என் கையிலேயே இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டாவதும் பெண். பெரியாஸ்பத்திரியில் நர்சம்மா காகிதத்தை நீட்ட, அவர் தலையைக் குனிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார். நான் கட்டிலில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகியபடி நர்சம்மாவிடம் சொன்னார்:

"ஒரு ஆம்பளப் புள்ளைக்குப் பாத்துட்டுப் பண்ணியிருக்கலாம்."