தூணடியில் மண் இல்லை

சிவில் இன்ஜினியரிங் முடித்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஆசைதான். ஊர் ஊராகப் போய் மண்ணில் நின்று வேலை பார்க்க வேண்டும். கிடைத்ததோ, நாலு சுவருக்குள் கணினி முன்னால் ஒரு நாற்காலி. யாரோ பார்த்துவிட்டு வந்த இடத்துக்கு இவள் ஆறு வருஷம் வரைபடம் போட்டாள்.

களப்பணி என்று விளம்பரம் கண்டால் உடனே விண்ணப்பித்துவிடுவாள். போன இடத்திலெல்லாம் ஒரே பாட்டு. "உங்க மார்க்குக்கு ஆபீஸ்லயே நல்ல இடம் தர்றோம். எதுக்கும்மா வெயில்ல?" அணைக்கட்டு வேலைக்குப் போனபோது, "சைட்ல லேடீஸ் டாய்லெட் கிடையாது" என்று முடித்துவிட்டார்கள்.

"உனக்கென்ன கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று அம்மா கேட்டாள். "இருக்கிற வேலையை ஒழுங்கா பாரேன்டி."

பதினோராவது நேர்காணலில், பழைய பாலங்களைச் சோதிக்கும் ஒரு நிறுவனம் அவளை எடுத்துக்கொண்டது. மாதத்தில் இருபது நாள் வெளியூர். மூன்று மாதத்துக்கு மேல் யாரும் தாக்குப்பிடிக்காத வேலை. அவள் தாக்குப்பிடித்தாள். கயிற்றில் தொங்கிக்கொண்டு சுத்தியலால் தூணைத் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லப் பழகினாள். "பொண்ணு பார்க்க வர்றவங்களை நேரா பாலத்துக்கு அடியில கூட்டிட்டு வந்துடலாம் மேடம்" என்று ஜீப் டிரைவர் கேலி செய்வார். சிரித்துக்கொண்டே இடுப்பில் கயிற்றை இறுக்குவாள்.

இரண்டாம் வருஷம், மழை தொடங்கும் சமயம். ஒரு சின்ன ஊரின் ஆற்றுப் பாலம். மூன்றாவது தூணின் அடியில் நீண்ட கம்பியை விட்டுப் பார்த்தாள். எதிலும் தட்டாமல் முழுதாக உள்ளே போயிற்று. அஸ்திவாரத்தின் கீழிருந்த மண்ணை ஆறு அரித்துக்கொண்டு போயிருந்தது. தலைக்கு மேலே ஒரு பஸ் போனது. தூண் நடுங்கியதைக் கையில் உணர்ந்தாள்.

அங்கிருந்தே மேலாளருக்குப் போன் செய்தாள். "சார், பாலத்தை இன்னைக்கே மூடணும்."

"மூடுறது நம்ம வேலை இல்லம்மா. அறிக்கை கொடு, மேல அனுப்பறேன். அதுவரைக்கும் ஊர்க்காரங்ககிட்ட மூச்சு விடாதே. கலவரம் ஆச்சுன்னா உன்னை மறுபடி ஆபீஸ்ல உட்கார வெச்சிடுவாங்க."

அந்தக் கடைசி வார்த்தை அவள் வாயைக் கட்டியது. அன்றே அறிக்கை எழுதி, 'மிக அவசரம்' என்று தலைப்பில் போட்டு அனுப்பினாள். கரையிலிருந்த டீக்கடையில் டீ குடித்தாள். "பாலம் எப்படிம்மா இருக்கு?" என்று கடைக்காரர் கேட்டார். "பார்த்திருக்கோம்" என்று மட்டும் சொன்னாள்.

பதினேழாம் நாள் காலை, ஏழரை மணிக்குப் பாலம் விழுந்தது. பால் வண்டி ஒன்று ஆற்றோடு போயிற்று. ஓட்டியவரின் உடல் மறுநாள்தான் கிடைத்தது.

விசாரணையில் அவள் அறிக்கை ஒரு அலுவலக மேசையில் உறை பிரிக்காமல் கிடந்தது தெரிந்தது. ஒரு அதிகாரி இடம் மாற்றப்பட்டார். "நல்லவேளை, நீ எழுதிக் கொடுத்துட்டே" என்று மேலாளர் தோளில் தட்டப் போனார். அவள் விலகிக்கொண்டாள்.

மனசு கேட்காமல் பால் வண்டிக்காரர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். கத்தவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே?"

"எழுதிக் கொடுத்தேன்."

"தினம் அந்த டீக்கடையிலதான் நிப்பாரு. அங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சுத்திப் போயிருப்பாரே."

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

வேலையை அவள் விடவில்லை. தூணில் குறை கண்டால் இப்போதெல்லாம் முதலில் கரையேறி, எதிர்ப்படுகிறவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனை எடுக்கிறாள். இதுவரை இரண்டு முறை விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் நாற்காலிதான் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார்.