ஊருணி இல்லாத ஊர்களின் தீர்மானம்

"சட்டம் மெட்ராஸ்ல போடுறது. அதை இங்கிட்டு உக்காந்து நீயும் நானும் டைப் அடிச்சு நிறுத்திருவமாக்கும்?"

எங்கள் நகராட்சி ஆபீஸ் ஹெட் கிளார்க் என்னிடம் இப்படிக் கேட்டபோது நான் ஸ்டென்சில் தாளை மெஷினில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.  அவருக்குப் பதில் தேவைப்படவில்லை. மூக்குக்கண்ணாடியை வேட்டி முனையில் துடைத்துக்கொண்டே தன் மேஜைக்குப் போய்விட்டார்.

நான் அங்கே தற்காலிக டைப்பிஸ்ட். திருவரங்குளத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்திலிருந்து காலை பஸ்ஸில் டவுனுக்கு வந்து, சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் நான் ஒருத்திதான். சொல்லப்போனால், பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தவளே நான் ஒருத்திதான். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் தேறி, சுருக்கெழுத்தும் பழகியிருந்தேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. வேலை கிடைத்த விதத்தைச் சொல்லத்தான் கூச்சம். அப்பா நகராட்சிச் சேர்மனுடைய வயலை விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுதவர். களத்துமேட்டில் வைத்து அப்பா சேர்மனிடம் ஒரு வார்த்தை சொன்னார். சேர்மன் ஆபீஸில் ஒரு வார்த்தை சொன்னார். மறுவாரம் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். என் சர்டிபிகேட்டை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. நகராட்சி ஊழியர்களை இனி ராஜ்ய அரசாங்கமே பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்து அனுப்பும், சேர்மன்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஆள் போட முடியாது என்று ஒரு மசோதா சட்டசபைக்கு வரப்போவதாகப் பேச்சு. தற்காலிகமாக இருப்பவர்களை நிறுத்திவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். கேட்டதும் என் நாற்காலி போய்விட்டது என்றே நினைத்தேன். சற்று நேரம் கழித்து, பரீட்சை என்ற அந்தச் சொல்லை மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். நான் பயப்படாத ஒரே பொருள் பரீட்சை. அப்படியென்றால் இந்த மசோதா எனக்கு நல்லதா, கெட்டதா? அன்றைக்குத் தொடங்கிய குழப்பம் இது.

சேர்மனுக்குக் குழப்பம் எதுவும் இல்லை. "ஒத்தை ஊரு கத்துனா மெட்ராஸ் கோட்டையில காதுல விழாது பிள்ள. சுத்துப்பட்டு டவுன் சேர்மன் பூராப் பேரும் ஒரே குரலாக் கத்தணும்" என்றார். அவர் போட்ட திட்டம் இதுதான்: தீர்மானத்தை எங்கள் ஆபீஸில் எழுதி, பிரதிகளை மற்ற ஊர்களுக்கு அனுப்புவது. ஒவ்வொரு நகரசபையும் அதை முன்மொழிந்து, வழிமொழிந்து, நிறைவேற்றி மந்திரிக்கு அனுப்ப வேண்டும். அந்தந்த ஊர் எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு நகல் போக வேண்டும். சட்டசபையில் கை தூக்கப்போகிறவர்கள் தங்கள் ஊர்க்காரர்கள் வாயாலேயே விஷயத்தைக் கேட்டுவிட்டால் மசோதா மேலே நகராது என்பது அவர் கணக்கு.

தீர்மானத்தை அவரே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அதில் ஊருணி பற்றி ஒரு பத்தி இருந்தது. குடிதண்ணீர் ஊருணிக்குக் காவல் இருப்பவன் உள்ளூர்க்காரனாக இருந்தால்தான் எந்த மாடு யாருடையது, எந்தத் தெருப் பிள்ளைகள் இறங்கிக் குளிக்கும் என்று அவனுக்குத் தெரியும். பரீட்சை எழுதி எங்கிருந்தோ வருகிறவனுக்கு இது தெரியுமா என்பது சாரம். எங்கள் ஊருக்கு அது முற்றிலும் சரியான பேச்சு. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஐயா, இது மத்த ஊருகளுக்கும் போகுதுங்களே. அங்கிட்டெல்லாம் ஊருணி இருக்குங்களா?"

சேர்மன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஊருணி இல்லாத ஊரு ஒலகத்துல உண்டா பிள்ள? அடி."

அடித்தேன். ஊர்ப் பெயருக்கு மட்டும் இடம் விட்டுவிட்டு ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் பிரதிகள் உருட்டி, தபாலில் அனுப்பினோம். சில வாரங்களில் ஒவ்வொரு ஊரிலிருந்தும் நிறைவேறிய தீர்மானத்தின் நகல் வந்து சேர்ந்தது. என் மெஷினில் 'ர' எழுத்து சற்று மேலே தூக்கி விழும். வந்த தாள்கள் அத்தனையிலும் அந்த 'ர' தூக்கியே நின்றது. நாங்கள் அனுப்பிய தாளிலேயே ஊர்ப் பெயரை மசியால் நிரப்பி, கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தியிருந்தார்கள். நான் அடித்த வாக்கியங்களுக்கு இத்தனை ஊர்கள் கை தூக்கியிருக்கின்றன என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த வாக்கியங்கள் எனக்குச் சாதகமா என்று மட்டும் தெரியவில்லை.

சேர்மன்கள் சேர்ந்து மெட்ராஸுக்குப் போய் மந்திரியைப் பார்க்க நினைத்தார்கள். மந்திரிக்கு நேரமில்லை, ஓர் அதிகாரிதான் பார்த்தார். திரும்பி வந்த எங்கள் சேர்மன் துண்டை உதறி நாற்காலியில் போட்டுவிட்டு ஹெட் கிளார்க்கிடம் கொட்டித் தீர்த்தார்.

"அந்த ஆபீசர் எல்லாத் தாளையும் வரிசையாப் பரத்தி வச்சிக்கிட்டு, கடற்கரை ஊருச் சேர்மன் பாயைப் பாத்து, 'உங்க ஊருல ஊருணி எந்தப் பக்கம்?'ங்கிறான். இவராவது சமாளிக்க வேண்டாமா? 'ஊருணி ஏதுங்க, கடல்தான் இருக்கு'ங்கிறாரு!"

ஹெட் கிளார்க் சிரிப்பை அடக்க ஒரு பைலைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"காப்பி அடிச்ச தீர்மானத்தை எல்லாம் அபிப்பிராயமா எடுத்துக்க முடியாதாம். ஊருக்கு ஊரு சொந்தக் காரணத்தோட எழுதணுமாம். ஒத்துமையா எழுதுனாக் குத்தமாய்யா?"

எனக்கும் அதே கேள்விதான். ஒரே குரல் என்றால் ஒரே வார்த்தைகள்தான் என்று நானும் நினைத்திருந்தேன்.

சொந்தக் காரணங்களைப் பேச எல்லாச் சேர்மன்களும் எங்கள் ஊருக்கு வந்தார்கள். ஆபீஸ் ஹாலில் கூட்டம் என்று நாற்காலிகள் எல்லாம் போட்டாயிற்று. வந்தவர்களில் ஒருவர், இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சித்தன்னவாசலைப் பார்க்காமல் போவதா என்று கேட்டுவிட்டார். உடனே வேன் பிடித்தார்கள். பேசுவதைக் குறிப்பெடுக்க நானும் போக வேண்டும். அத்தனை ஆண்கள் கூடும் கூட்டத்தில் கல்யாணமாகாத பெண் தனியாக உட்காருவதா என்று வீட்டில் முந்தின நாளே கேட்டிருந்தார்கள். அதனால் அன்றைக்கு மதினி, என் அண்ணன் மனைவி, என்னோடு டவுனுக்கு வந்திருந்தாள். புளியோதரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஜன்னலோரம் பிடித்துவிட்டாள்.

குகைக்குள் குனிந்து போய் விதானத்து ஓவியத்தை எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். தாமரை பூத்த குளம், மீன், யானை, பூப்பறிக்கும் ஆட்கள். கடற்கரை ஊர்ச் சேர்மன் விரலை உயர்த்தி, "இந்தா இருக்கே ஊருணி! இதைக் காட்டி என் ஊருதான்னு சொல்லியிருப்பேனே கோட்டையில" என்றார். எங்கள் சேர்மனே சிரித்துவிட்டார்.

பிறகு பாறை நிழலில் உட்கார்ந்து பேசினார்கள். நான் சற்றுத் தள்ளி நோட்டும் பென்சிலுமாக இருந்தேன். மில் இருக்கிற ஊர்ச் சேர்மன், சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கட்டும், ஆளை மட்டும் நாம் போடுவோம் என்றார். கோயில் ஊர்ச் சேர்மனுக்குத் திருவிழாச் சமயத்தில் மட்டும் ஆள் போட்டுக்கொள்ள உரிமை இருந்தால் போதும். கடற்கரை ஊர்ச் சேர்மன் முறை வந்ததும், "உள்ளதைச் சொல்லட்டுமா? எங்க ஊருக்கு டைப்பிஸ்டே கிடைக்கல. பரீட்சை வச்சு அனுப்புனா நான் மாலை போட்டுக் கூட்டிக்கிட்டுப் போவேன்" என்றார்.

"பெறகு எதுக்கய்யா தீர்மானம் போட்டீரு?" என்று எங்கள் சேர்மன் கொதித்தார்.

"நீங்க கேட்டீங்க, போட்டேன். நாளைக்கு மீன் மார்க்கெட் வரியில கை வைக்கிறானுகன்னு நான் வந்து நிப்பேன். அப்ப ஊருணிக்காரவுக நீங்க எனக்குப் போட மாட்டீகளா?"

யாரும் மறுக்கவில்லை. அதுதான் முறை என்பதுபோல் ஒருவர் வெற்றிலைப் பொட்டணத்தைப் பிரித்தார். நான் இதைக் குறிப்பெடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பென்சிலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். தனக்கு வேண்டாததைக் கேட்டு ஒருவர் மெட்ராஸ் வரை போயிருக்கிறார். அவர் பொய் சொன்னவராகவும் எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஊருக்கு ஊருணியை விட்டால் வேறென்ன காரணம் என்று சேர்மன் யோசித்தார். அவர் கண் என் மேல் விழுந்தது.

"இந்தாருங்க. இந்தப் பிள்ளையைவிடக் காரணம் வேணுமா? உழவு மாடு ஓட்டுறவன் மக. எம்புட்டு நறுவிசா வேலை பாக்குது! பரீட்சைன்னு வந்தா மெட்ராஸ் பிள்ளைகளோட இது மோதி வர முடியுமா? நாம பாத்துப் போட்டதாலதானே உக்காந்திருக்கு. எழுதிக்கம்மா."

எழுதிக்கொண்டேன். எங்கள் நகராட்சியின் பெண் தட்டெழுத்தர் ஏழை உழவரின் மகள் என்றும், இத்தகையோர் பொதுப் பரீட்சைகளில் போட்டியிட்டு வெல்ல இயலாதவர்கள் என்றும், உள்ளூர் மன்றத்தின் பரிவு ஒன்றே இவர்களுக்கு வழி என்றும் சொன்னார். சுருக்கெழுத்தில் என் கை தானாக ஓடியது. அவர் முகத்தில் இருந்தது நிஜமான வாஞ்சை. என்னைக் காப்பாற்றுகிறார் என்றே நம்பினார். ஒருவிதத்தில் காப்பாற்றிக்கொண்டும்தான் இருந்தார். அதனால்தான் கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

கடற்கரை ஊர்ச் சேர்மன் என்னைக் கவனித்திருக்க வேண்டும். "ஏம்மா, ஒனக்கு என்ன வேணும்? பரீட்சை இருக்கணுமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

எல்லோரும் திரும்பினார்கள். "தெரியலைங்க" என்றேன்.

"தெரியாதாம்ல!" என்று பின்னாலிருந்து மதினி குரல் வந்தது. "வீட்டுல வாய் கிழியும்."

வேனில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். டவுனிலிருந்து சாயங்கால பஸ்ஸில் வந்து எங்கள் கிராமத்து ஸ்டாப்பில் இறங்கி நடக்கும்போதுதான் மதினி பேச்சை எடுத்தாள்.

"ஏத்தா, ஒன்னையப் பத்தித்தானே எழுதச் சொன்னாரு?"

"ஆமா."

"நல்லதாத்தானே சொன்னாரு. ஏழைன்னாரு. ஏழைதானே நாம?"

"பரீட்சையில தேற மாட்டேன்னும் எழுதச் சொன்னாரு மதினி."

"தேறுவியா?"

"தேறுவேன்."

"அப்ப எதுக்கு வாயைப் பொத்திக்கிட்டு எழுதுன?"

"எழுதலைன்னா வேலை போயிரும்ல."

மதினி காலி டப்பாவை மறு இடுப்புக்கு மாற்றி இடுக்கிக்கொண்டாள். பிறகு, "எனக்கு ஒண்ணும் வெளங்கலத்தா. தேறுற பிள்ள தேறாதுன்னு தானே எழுதிக் குடுத்து வேலையைக் காப்பாத்திக்கிறதா?" என்றாள். எனக்கும் விளங்கவில்லை என்று சொன்னேன். அது உண்மை.

மறுநாள் அந்தப் பத்தியைச் சொன்னபடியே அடித்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. இந்த முறை ஊருக்கு ஒரு காரணம், ஊருக்கு ஒரு கோரிக்கையாக மனுக்கள் மெட்ராஸுக்குப் போயின. ஆளுக்கொன்றாகக் கேட்டால் எதை ஏற்பது, முதலில் நீங்கள் கூடி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று பதில் வந்தது. ஹெட் கிளார்க் அதை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். இரண்டாவது தடவை அவரும் சிரிக்கவில்லை.

சேர்மன்கள் மறுபடி கூடுவதற்குள் அந்தக் கூட்டத்தொடர் முடிந்துவிட்டது. மசோதா வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மனுக்களுக்குப் பயந்து நிறுத்தினார்கள் என்றார் சேர்மன். எம்.எல்.ஏ.க்கள் மந்திரியிடம் முணுமுணுத்ததாக ஒரு கவுன்சிலர் சொன்னார். அதற்கு நேரமே ஒதுக்கவில்லை, அவ்வளவுதான் என்று ஹெட் கிளார்க் சொன்னார். எப்படியோ, ஆபீஸ் வாசலில் சேர்மனுக்கு மாலை போட்டார்கள். நானும் கைதட்டினேன். என் நாற்காலி பிழைத்ததற்காகத் தட்டினேனா, பரீட்சை தள்ளிப்போனதற்கு வருத்தப்பட்டுக்கொண்டே தட்டினேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மாலை வாடுவதற்குள் சேர்மன் என்னைக் கூப்பிட்டார். அறையில் ஹெட் கிளார்க்கும் இருந்தார்.

"பிள்ள, இனிமே ஒன்னைய அசைக்க ஆள் இல்ல. வர்ற கவுன்சில் கூட்டத்துல ஒன்னைய நிரந்தரம் பண்ணிருவோம். அந்தத் தீர்மானத்தையும் நீயே அடிச்சுக் கொண்டா. அப்பாகிட்டயும் சொல்லிரு, சந்தோசப்படுவான்."

அவர் எனக்கு வைத்திருந்த அன்பில் குறை எதுவும் இல்லை. நிரந்தரம் என்ற சொல்லும் இனிப்பாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. 

"என்ன, மலைச்சுப்போய் நிக்கிற?"

"இல்லைங்க ஐயா. ரிசல்ட் வந்தப்புறம் அடிக்கலாமான்னு பாத்தேன்."

"என்ன ரிசல்ட்?"

ஹெட் கிளார்க் பைலிலிருந்து தலையை நிமிர்த்தினார். சேர்மன் இன்னும் சிரித்த முகமாகவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்க்கார் ஆபீஸ்களுக்கு ஆள் எடுக்குற சர்வீஸ் கமிஷன் பரீட்சைங்க" என்றேன். "மதினியும் நானும் போன ஞாயித்துக்கிழமை திருச்சிக்குப் போயி, எழுதிட்டு வந்துட்டோம்ங்க. மதினி வாசல்ல உக்காந்திருந்துச்சு. நான் உள்ள எழுதினேன்."