சம்பந்தியம்மாவுக்குப் பின்னால் ஒரு சைக்கிள்

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணைக் காலையில் படுக்கையிலிருந்து கிளப்ப எத்தனையோ வழி சொல்கிறார்கள். காலில் மாட்டுகிற சப்பாத்தைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வை என்கிறார்கள். கைப்பேசியை எட்டாத இடத்தில் அலற விடு என்கிறார்கள். எல்லாவற்றையும் செய்து பார்த்தவள் நான். அலறும் கைப்பேசியை எழுந்து போய் அணைத்துவிட்டு, திரும்ப வந்து போர்த்திக்கொண்டு படுத்தவள். என்னைக் கிளப்பியது ஒன்றே ஒன்றுதான். வாசலில் மாப்பிள்ளையின் அம்மா வந்து நின்றார்.

எனக்கு இனிப்பு நீர் வியாதி. மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. கிளினிக்கில் டாக்டர் ஒருநாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "டீச்சர், அடுத்த தடவையும் இப்படியே இருந்தா ஊசிதான், வேற வழியில்ல," என்றார். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற எனக்கு, ஊசி என்றதும் காலடியில் தரை நழுவியது. அம்மா தினமும் தன் வயிற்றில் தானே குத்திக்கொண்டதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது. என் வீட்டுக்காரர் வாங்கியது. விடியுமுன் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிற மனிதர் அவர். வயிற்றைக் குறைக்கப்போகிறேன் என்று சபதம் போட்டு வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டினார். அதற்குப் பிறகு அதில் எங்கள் துணிகள்தான் காய்ந்தன. நான் துணியை எடுத்துவிட்டு, இருக்கையை இறக்கி வைத்து, எங்கள் தாமான் குடியிருப்புக்குள்ளேயே தட்டுத் தடுமாறி ஓட்டினேன். மூன்று நாள் நாய் துரத்தியது. நான்காம் நாள் போதுமடா சாமி என்று இருந்துவிட்டேன்.

அதற்குள் என் மகள் தன் மாமியாரிடம் பெருமையடித்துவிட்டாள். அவரும் பெர்மாஸ் ஜெயாவில்தான், எங்களுக்கு நாலைந்து தெரு தள்ளி இருந்தார். கணவர் இல்லை. பிரஷர் இருந்தது. லாபிஸில் தோட்டத்துப் பக்கம் பிறந்து, ரயில் தண்டவாளத்தை ஒட்டியே சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனவர். மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில், மகனின் பழைய சைக்கிளோடு எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்.

"சம்பந்தி, நீங்க தினமும் சைக்கிள் ஓட்டுறீங்களாமே, மருமக சொன்னா. நானும் கூட வரலாமா?"

மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நிற்கிறார்கள். நான் நைட்டியோடு நிற்கிறேன். இல்லை சம்பந்தி, நான் நேற்றே விட்டுவிட்டேன் என்று எந்தப் பெண்ணைப் பெற்றவள் சொல்வாள்? "இதோ வந்துட்டேன் சம்பந்தி," என்று உள்ளே ஓடினேன். அன்றிலிருந்து தினமும் ஓடினேன். மழை பெய்தால் இன்று தப்பித்தேன் என்று படுத்துக் கிடப்பேன். மனுஷி மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வந்து நிற்பார். பின்னாளில் அவரே சொன்னார், அவருக்கும் படுத்துக் கிடக்கத்தான் ஆசையாம். "பொண்ணு வீட்டுக்காரங்க ரெடியாகிக் காத்துக்கிட்டு இருப்பாங்களே, போகலன்னா மரியாதையா இருக்காதேன்னு வந்தேன்," என்றார். இப்படியாக இரண்டு சோம்பேறிகள் மரியாதையின் பெயரால் உடற்பயிற்சி செய்தோம்.

இன்னொரு மரியாதையும் இருந்தது. அவர் முன்னால், நான் பின்னால். யாரும் சொல்லி வைத்ததில்லை. கல்யாண மண்டபத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாருக்குப் பின்னால் நடந்த கால், சைக்கிளிலும் அப்படியே நடந்துகொண்டது. முதல் நாள் வளைவில் அவர் எனக்கு வழிவிட வேகத்தைக் குறைத்தார். நான் அதைவிடக் குறைத்தேன். "நீங்க போங்க சம்பந்தி." "ஐயோ, நீங்க முதல்ல போங்க." நடுரோட்டில் இரண்டு சைக்கிளும் நின்றேவிட்டன, பின்னால் வந்த லோரிக்காரன் ஹார்னிலேயே எங்களைத் திட்டித் தீர்த்தான். அதற்குப் பிறகு அவர்தான் எப்போதும் முன்னால்.

எங்கள் பெர்மாஸ் ஜெயா பாலத்தில் ஏறி இறங்குவோம், கடலோரமாக ஒரு சுற்று வருவோம், கடையில் உட்கார்ந்து பசியாறுவோம். ஆளுக்கொரு தோசை, பாலும் சீனியும் போடாத கோப்பி ஓ. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இரண்டாவது தோசை கேட்க எனக்குக் கூச்சம். அதுவும் என் உடம்புக்கு நல்லதாகவே முடிந்தது. கிளினிக்கில் டாக்டர் ரத்தச் சோதனைத் தாளை இரண்டு முறை பார்த்தார். "என்ன மருந்து சாப்பிட்டீங்க டீச்சர்?" என்றார். சம்பந்தி என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் பொந்தியான் போனோம். என் வீட்டுக்காரர் சைக்கிள் இரண்டையும் வேனில் ஏற்றி வந்து இறக்கிவிட்டு, மீன் வாங்கப் போய்விட்டார். கடலோரச் சாலையில் குக்குப் வரை போய்த் திரும்புவது என்று பேச்சு. போகும்போது காற்று முதுகில் தள்ளியது. அடேயப்பா, என்ன வேகம்! நமக்கு இவ்வளவு பலமா என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்துவிட்டது. திரும்பும்போதுதான் காற்று தன் வேலையைக் காட்டியது.

"களைப்பா இருக்கா சம்பந்தி?" என்று பின்னாலிருந்து கேட்டேன்.

"எனக்கென்ன? உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க நிக்கணும்னா நிக்கலாம்."

"உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, நிக்கலாம்."

நிற்கவில்லை. நிற்கலாம் என்று யார் முதலில் சொல்வது? அவர் முதுகு நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. சைக்கிள் ஊர்ந்தது. கடைசியில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, சைக்கிளைக் கீழேயே போட்டுவிட்டுக் குனிந்து வாந்தியெடுத்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. பிரஷர்காரர் ஆயிற்றே, கூட்டிவந்து கொன்றுவிட்டேனோ என்று பயந்து, அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை நான் தொட்டதில்லை, கும்பிட்டதோடு சரி.

எங்கள் வயதுள்ள மலாய்ப் பெண்கள் சிலர் கூட்டமாக சைக்கிளில் வந்தார்கள். போகும் வழியிலேயே எங்களைத் தாண்டிச் சென்றவர்கள்தான். ஒருவர் இறங்கி வந்து உப்பும் இனிப்பும் கலந்த தண்ணீர் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து மலாயில் கேட்டார்: "அக்கா, வரும்போதும் இவர்தான் முன்னால, போகும்போதும் இவர்தான் முன்னாலயா? முன்னால போறவங்களுக்குத்தானே காத்து முழுசும். பின்னால வர்றவங்களுக்குப் பாதிக் கஷ்டம்கூட இல்ல. மாத்தி மாத்திப் போகணும் லா."

அவர்கள் போன பிறகு சம்பந்தியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அலமாக்! அப்ப இத்தனை மாசமா மரியாதை மரியாதைன்னு என்னைக் காத்துல விட்டுட்டு, நீங்க பின்னால சொகுசா வந்தீங்களா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது சம்பந்தி! நான் மரியாதைக்குத்தான் வந்தேன்!"

"அதானே பாத்தேன், இந்தம்மாவுக்கு மட்டும் எப்படி மூச்சே வாங்கலன்னு!"

வாந்தியெடுத்த வாயோடு சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். பேருந்து நிறுத்தத்துச் சிமென்ட் பெஞ்சில் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு நான் முன்னால் போனேன். காற்று மூஞ்சியில் அறைந்தது. இதையா இந்த மனுஷி தினமும் எனக்காகத் தாங்கினார் என்று நெஞ்சு இளகிவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் மரியாதை குறைந்து பாசம் வந்தது. அடுத்த நாளிலிருந்து மாற்றி மாற்றிப் போனோம். வாய்க்கு வந்ததைப் பேசினோம். இரண்டாவது தோசையும் கேட்டுச் சாப்பிட்டோம், பாதிப் பாதியாக.

அப்படி இருக்கும்போதுதான் என் மகள் இரண்டு பையோடு வீட்டுக்கு வந்தாள். சண்டை இல்லை, அடிதடி இல்லை, குடி இல்லை. "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்மா. அவர் நல்லவர்தான். சேர்ந்து இருக்கத்தான் வரல," என்றாள். என்ன பேச்சு இது? எனக்கு வந்த ஆத்திரத்தில் மாப்பிள்ளையைத் திட்டினேன். அவனை வளர்த்த லட்சணத்தையும் திட்டினேன். திட்டி முடித்த பிறகுதான் யாரைத் திட்டினோம் என்று உறைத்தது.

மறுநாள் விடியலில் உடை மாற்றிக்கொண்டு கேட்டுப் பக்கம் காதை வைத்திருந்தேன். அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

"நீ போய் நிக்காதே," என்றார் என் வீட்டுக்காரர். "பொண்ணைத் திரும்ப ஏத்துக்கச் சொல்லிக் கெஞ்ச வந்திருக்கோம்னு நினைப்பாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. பெண்ணைப் பெற்றவள் அந்த வாசலில் போய் நின்றால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. சம்பந்தியம்மா என் வாசலுக்கு வந்தால், மருமகளை அனுப்புங்கள் என்று இறங்கி வந்ததாக அர்த்தம். கோயிலில் ஒருநாள் தூரத்தில் பார்த்தேன். அவர் சாமியைப் பார்த்தார், நான் தூணைப் பார்த்தேன். தனியாக ஓட்டிப் பார்த்தேன். தெரு முனை வரை போய்த் திரும்பிவிட்டேன். கிளினிக்கில் டாக்டர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த மாசம் விடுறேன். அடுத்த மாசம் இதே மாதிரி வராதீங்க," என்றார். ஊசிப் பயம் வந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று உள்ளே அரித்தது. இந்த வயதில் எனக்கென்று கிடைத்த ஒருத்தர், எங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து போயே போய்விடுவாரா? அவர்கள் பிரிந்தால் அவருக்கும் எனக்கும் என்ன உறவு? கூப்பிடக்கூட ஒரு சொல் கிடையாது.

வெட்கத்தை விட்டு மகளிடமே புலம்பினேன். அவள் என்னை வெறித்துப் பார்த்தாள்.

"எங்களுக்குத்தான்மா ஒத்துவரல. உங்க ரெண்டு பேருக்கும் நல்லாத்தானே ஒத்துப்போச்சு? நீங்க ஏன் பிரிஞ்சீங்க?"

"வாயை மூடு, பெரிய மனுஷி மாதிரி பேசாதே," என்று கத்திவிட்டுப் படுக்கப் போனேன்.

விடியலில் கைப்பேசி அலறுமுன்பே எழுந்தேன். யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று வீட்டிலேயே தலைக்கவசம், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டேன். கெஞ்ச வருகிறவள் தலைக்கவசத்தோடு வரமாட்டாள் அல்லவா? அவர் வீட்டுக் கேட்டில் நின்று மணியை அடித்தேன். முடியை அள்ளி முடிந்துகொண்டே வந்தார். முகம் இறுகியிருந்தது. கேட்டைத் திறக்கவில்லை.

"பையன் வீட்டுல இல்ல. அவன்கிட்ட பேசணும்னா…"

"உங்க பையன்கிட்ட எனக்குப் பேச்சு இல்ல. பேசினா திட்டத்தான் செய்வேன்."

"உங்க பொண்ணைப் பாத்தா நானும் நல்லா கேப்பேன்."

"கேளுங்க. வர்ற வழியில என்கிட்டயே கேளுங்க. வெயில் ஏறுது, சைக்கிளை எடுங்க."

அவர் என் தலைக்கவசத்தையும் கையுறையையும் பார்த்தார். பிறகு, "டயர்ல காத்து இல்ல," என்றார். அவரும் இத்தனை நாளாகத் தொடவில்லை. கேட்டைத் திறந்துவிட்டு உடை மாற்ற உள்ளே போனார். நான் வாசலில் குந்தி உட்கார்ந்து, இரண்டு சக்கரத்துக்கும் பம்பு அடித்தேன்.

பாலம் ஏறினோம். ஏற்றத்தில் நான் முன்னால் இருந்தேன். பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, நான் திரும்பிப் பார்க்கவில்லை. இறக்கத்தில் அவர் என்னைத் தாண்டி வந்து, என் மகளைத் திட்ட ஆரம்பித்தார். பிடிவாதக்காரி என்றார், ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்றார், அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றார். கடலோரத்தில் என் முறை வந்தது. அவர் மகனை நான் திட்டினேன். மண்ணு மாதிரி நிற்பான், வாயைத் திறந்து பேசத் தெரியாது என்றேன். "அது உண்மைதான், அவங்கப்பாவும் அப்படித்தான்," என்றார் அவர். காற்று வீசியதால் இரண்டு பேரும் கத்திக் கத்தித்தான் பேசினோம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பசியாற உட்கார்ந்தபோது, கோயிலில் பழக்கமான ஓர் அக்கா எங்கள் மேசைக்கு வந்தார். ஊர்க் கதை ஒன்றையும் விடாதவர். எங்கள் வீட்டுக் கதையையும் விட்டிருக்க மாட்டார்.

"அட, சம்பந்திங்க மறுபடியும் ஒண்ணாயிட்டீங்களா! அப்ப பிள்ளைங்களும் சமாதானமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சம்பந்தியம்மா தோசையைப் பிய்த்தபடியே நிதானமாகச் சொன்னார்.

"இல்லக்கா. அது முடிஞ்சுபோச்சு. இவங்க இனிமே எனக்குச் சம்பந்தி இல்ல."

நான் வாய்க்குக் கொண்டுபோன தோசையைத் தட்டிலேயே வைத்தேன். அவர் கையிலிருந்த துண்டைச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டு, மென்று விழுங்கினார்.

"இவங்க என் கூட்டாளி," என்றார். அந்த அக்கா புரியாமல் விழித்தார். "கூட்டாளிக்கா," என்று இன்னொரு தடவை, கடை முழுவதும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.