ஃபாட்மிரா விற்ற நம்பர்

"ஓசியில பேசுறீங்க, சரி. நம்பர் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? சின்னதா ஒரு ரீசார்ஜ் போட்டு வைங்கன்னா கேக்குறீங்களா?"

கிரீஸ் எல்லைப் பக்கத்து எங்கள் ஊரான கோர்ச்சாவில், சந்தைக்குப் போகிற வழியில் போன் கம்பெனிக் கடை வைத்திருக்கும் ஃபாட்மிரா தினமும் பாடுகிற பாட்டு இது. எங்கள் தெருவே வாங்கிக் கட்டிக்கொண்டது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகள் கிரீஸில், இத்தாலியில். வீட்டில் வைஃபை, போனில் இலவச ஆப். காசு கொடுத்துப் பேச எங்களுக்கு என்ன பைத்தியமா? முன்பு ரீசார்ஜுக்கு அவள் வாசலில் வரிசை நிற்கும். இப்போது சார்ஜர் இரவல் கேட்டுத்தான் வருகிறார்கள். கம்பெனி வருமானம் படுத்து, ஊரில் இருந்த மற்ற கடைகளை மூடிவிட்டது. அடுத்தது இவளுடையது என்று சொல்லியும் ஆயிற்று.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, பக்கத்து வீட்டு மெரேமே என் கதவைத் தட்டினாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் மகள் தெயுதா பிரசவத்துக்காக கிரீஸில் தெசலோனிக்கி நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். அன்று பார்த்து மெரேமேயின் ஆப் திறக்கவில்லை. நம்பர் வேறு போனில் பதிவாகிவிட்டது என்றது. என் போன் ஆப்பில் தெயுதாவைக் கூப்பிட்டோம். யாரும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை கோச்சோவின் நம்பர் மெரேமேயிடம் கிடையாது. கல்யாணத்திலிருந்தே அவனோடு பேச்சில்லை.

ஃபாட்மிராவிடம் ஓடினோம். கம்ப்யூட்டரில் பார்த்தாள். மெரேமே வருஷக்கணக்கில் ஒரு காசு போடாததால் கம்பெனி நம்பரைப் பிடுங்கி, திரும்ப விற்பனைக்கு விட்டிருந்தது. முந்தின நாள் அதை விற்றவளும் இவளேதான், சந்தையில் ஆப்பிள் விற்கும் ரமிஸுக்கு. சிம் உறைக்குள் என்ன நம்பர் என்று பார்க்கவே இல்லை.

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு சந்தைக்கு ஓடினாள்.

புது நம்பருக்கு எவனோ காலையிலிருந்து செய்தி அனுப்பித் தொல்லை கொடுத்தான், மோசடிக்காரன் என்று தடுத்துவிட்டேன் என்றான் ரமிஸ்.

"என்ன எழுதியிருந்தான்?"

"தெயுதா மயங்கிக் கிடக்காளாம், எந்த மருந்து ஒத்துக்காதுன்னு டாக்டர் கேக்குறாராம். என்னைப் போய் அத்தைங்குறான். மீசை இருக்கே அக்கா எனக்கு."

மெரேமே ஆப்பிள் பெட்டி மேல் சரிந்து உட்கார்ந்தாள். சின்ன வயதில் ஒரு பென்சிலின் ஊசியில் தெயுதா மூச்சு முட்டிச் சாகக் கிடந்தவள்.

ஆப்பில் எழுதி கோச்சோ எப்போது பார்ப்பது என்று ஃபாட்மிரா ரமிஸின் போனில் நம்பரைப் பார்த்துத் தன் போனில் நேராகக் கூப்பிட்டாள். எங்கள் போன்களில்தான் காசே இல்லையே. கோச்சோ எடுத்ததும் மெரேமேயின் காதில் வைத்தாள்.

"பேசுடி. வீம்பெல்லாம் அப்புறம்."

"பென்சிலின் மட்டும் போட விட்டுடாதீங்க மாப்ள," என்றாள் மெரேமே.

அவன் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரிடமோ கிரேக்க மொழியில் கத்தினான். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. மெரேமே என் கையை நெரித்தாள். காசு கரைந்துகொண்டிருந்தது. ஃபாட்மிரா போனை வைக்கவில்லை.

கடைசியில் அவன் குரல் வந்தது. "ஊசிய எடுத்துட்டாங்க அத்தை. நல்லவேளை, போடறதுக்குள்ள சொல்லிட்டேன்."

தெயுதா பிழைத்தாள். பெண் குழந்தை. ரமிஸ் கடைக்கு வந்து நம்பரை மெரேமே பேருக்கே மாற்றிக் கொடுத்தான். அவளும் நானும் இப்போது ஒழுங்காக ரீசார்ஜ் போடுகிறோம். எங்கள் இரண்டு பேரை வைத்துக் கடை பிழைக்காது. மூடுகிற பேச்சைக் கம்பெனி இன்னும் விடவில்லை.

அதனால் கோர்ச்சா பக்கம் வந்தால் ஃபாட்மிராவைப் போய்ப் பாருங்கள். சார்ஜர் கேட்காதீர்கள். சின்னதாக ஒரு ரீசார்ஜ் போடுங்கள். திட்டத்தான் செய்வாள், வாங்கிக்கொள்ளுங்கள்.